இரண்டு பேருக்கு ஒரே தடவை சாமான் வாங்கி, வாரம் முழுக்க ஆசிய உணவு சமைப்பது எப்படி?

சிங்கப்பூரில் எங்கள் வீட்டில் நானும் என் கணவரும் மட்டும்தான். இருவருக்கும் வேலை. ஞாயிறு காலை தேக்கா ஈரச்சந்தைக்கு ஒரு நடை, அப்படியே பேரங்காடி. அதோடு வாரத்துக் கடை வேலை முடிந்துவிடும். அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன்.

"திங்கள் தாய்லாந்து, செவ்வாய் சீனம்" என்று எழுதிக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். ஒவ்வொரு சமையலுக்கும் தனிச் சாமான் சேரும். பாதிக் கட்டுக் கீரையும் பாதிப் பாக்கெட் தேங்காய்ப்பாலும் குளிர்பெட்டியில் கிடந்து வீணாகும். எது முதலில் வாடும், எது கடைசிவரை தாங்கும் என்று பார்த்து வாங்கினால் எந்த நாளில் எதைச் சமைப்பது என்பது தானே அமைந்துவிடும்.

என் பையில் வழக்கமாக இருப்பவை: ஒரு மீன், ஒரு கட்டு கங்கோங் (வள்ளைக்கீரை), ஒரு பாக்கெட் தௌகே (பச்சைப்பயறு முளைதான், ஊரில் வீட்டிலேயே முளைகட்டலாம்), இரண்டு கட்டி கெட்டி டோஃபு, எலும்பில்லாத கோழித்தொடை அரைக் கிலோ, சின்ன முட்டைக்கோஸ், காளான், முட்டை, வெங்காயத்தாள், இஞ்சி, பூண்டு, எலுமிச்சைப் புல், பேரரத்தை, எலுமிச்சை, 200 மில்லி தேங்காய்ப்பால், காய்ந்த நூடுல்ஸ்.

வீட்டுக்கு வந்ததும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வாரத்தின் பாதி வேலை அதில்தான் முடிகிறது. கோழியை நாருக்குக் குறுக்கே மெல்லிய துண்டுகளாக வெட்டி இரண்டாகப் பிரிக்கிறேன். ஒரு பங்கில் ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸ், ஒரு தேக்கரண்டி சோளமாவு, ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுப் பிசைகிறேன். அந்த மாவுப் பூச்சுதான் கோழியை வறண்டு போகாமல் காப்பாற்றும். மற்ற பங்கு வெறுமனே. இரண்டையும் பையில் தட்டையாகப் பரப்பி உறைய வைத்துவிடுவேன். தட்டையாக இருந்தால் சீக்கிரம் உருகும், முந்தின இரவே கீழ்த்தட்டுக்கு மாற்றினால் போதும். டோஃபுவும் தௌகேயும் தனித்தனி டப்பாவில் தண்ணீரில் மூழ்கியிருக்கட்டும், தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள். காளானுக்குக் காகிதப் பை. பிளாஸ்டிக்கில் வேர்த்துக் கொழகொழவென்று ஆகிவிடும்.

ஞாயிறு இரவு மீனும் கங்கோங்கும். இரண்டும் காத்திருக்காதவை. மீன் மேல் இஞ்சியை நூலாக நறுக்கித் தூவி ஆவியில் வேகவிட்டு, மேலே வெங்காயத்தாள், லேசான சோயா சாஸ். கடைசியாகப் புகைய ஆரம்பிக்கும் எண்ணெய் ஒரு கரண்டியை அதன் மேல் ஊற்றுங்கள். அந்தச் சுள்ளென்ற சத்தத்தோடு எழும் வாசனைக்காகவே இதைச் செய்யலாம். கங்கோங்குக்குப் பூண்டு, கொஞ்சம் பிளாச்சான் (புளிக்கவைத்த இறால் விழுது), பெரிய தீ. தண்டை முதலில் போட்டு, இலையைக் கடைசியில்.

திங்கள் நூடுல்ஸ், தௌகே, ஒரு கட்டி டோஃபு. செவ்வாய் பிசைந்து வைத்த கோழியை இஞ்சியோடு வதக்கிச் சோறு. சோற்றை மட்டும் இரண்டு மடங்கு வடியுங்கள். மிச்சத்தை வெளியே விட்டுவைக்காமல், சூடு ஆறியதும் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள். சோறு அறைச் சூட்டில் மணிக்கணக்கில் கிடந்தால் அதில் வளரும் கிருமியின் நஞ்சு திரும்பச் சூடாக்கினாலும் போகாது. புதன்கிழமை அதுதான் வறுத்த சோறு: முட்டை, மீதி டோஃபு, கால் முட்டைக்கோஸ்.

வியாழன் எனக்குப் பிடித்த நாள். தாய்லாந்து தோம் கா சூப். தேங்காய்ப்பாலோடு ஒன்றரைப் பங்கு தண்ணீர், தட்டிய எலுமிச்சைப் புல், பேரரத்தை வில்லைகள் போட்டு மெதுவாகக் கொதிக்கவிடுங்கள். பிறகு கோழி, காளான். உப்புக்கு மீன் சாஸ். எலுமிச்சைச் சாற்றை அடுப்பை அணைத்த பிறகு பிழியுங்கள், கொதியில் விட்டால் அந்தப் புத்துணர்வு போய்விடும். 200 மில்லி பாக்கெட் இரண்டு பேருக்குச் சரியாக இருக்கும், மிச்சமே விழாது. வெள்ளிக்கு மீதி முட்டைக்கோஸ்: பொடியாக நறுக்கி, மைதா, முட்டை கலந்து ஜப்பானிய ஒகோனோமியாகி மாதிரி தடிமனாக வார்த்துக்கொள்வோம். ஒரு வாரம் ஆனாலும் கோஸுக்கு ஒன்றும் ஆகாது.

இஞ்சி, பூண்டு, வெங்காயத்தாள் எல்லா நாளும் ஒன்றுதான். சுவையை மாற்றுவது சாஸ். லேசான சோயா உப்புக்கு, கருஞ்சோயா நிறத்துக்கு, மீன் சாஸ், சிப்பி சாஸ், வறுத்த எள்ளெண்ணெய், ஒரு மிளகாய் விழுது, இவ்வளவு போதும். எல்லாவற்றிலும் இருப்பதிலேயே சின்னப் பாட்டில் வாங்குங்கள். சிப்பி சாஸைத் திறந்த பிறகு குளிர்பெட்டியில்தான் வைக்க வேண்டும். எள்ளெண்ணெய்க்குப் பதிலாக நம் நல்லெண்ணெயை ஊற்றாதீர்கள்: அது வறுக்காத எள்ளில் ஆட்டியது, அந்த வாசனை வராது. வறுத்த எள்ளெண்ணெயைத் தாளிக்கவும் வேண்டாம், இறக்கும்போது சில சொட்டு விட்டால் போதும். சைவம் என்றால் சிப்பி சாஸுக்குப் பதில் காளானில் செய்தது கிடைக்கிறது.

வியட்நாம் நூடுல்ஸ் சூப்பான ஃபோ மாதிரி எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவைக்கும் சமையலை வேலை நாட்களில் வைக்காதீர்கள். இரண்டு கிண்ணத்துக்காக அவ்வளவு எரிவாயு வேண்டாம், அதைக் கடையிலேயே சாப்பிடலாம். நாங்கள் சனிக்கிழமையை அதற்கென்றே காலியாக விட்டிருக்கிறோம்.