மூடியைத் திறக்கும் முன்: அடைபட்ட இடங்களில் இறங்குவது பற்றிக் கேள்வி-பதில்

கேள்வி: டேங்குக்குள் வாயு மீட்டரில் ஆக்சிஜன் 20 சதவீதம் காட்டுகிறது. குறைந்தபட்ச வரம்பான 19.5-க்கு மேல் இருப்பதால் ஆளை இறக்கலாம்தானே?

பதில்: காரணம் தெரியாமல் இறக்காதீர்கள். வெளிக்காற்றில் 20.9 இருக்கும். மீதி எங்கே போனது? துருவோ அழுகலோ தின்றிருக்கலாம். அல்லது வேறொரு வாயு உள்ளே புகுந்து காற்றை வெளியே தள்ளியிருக்கலாம். காற்றில் ஆக்சிஜன் ஐந்தில் ஒரு பங்குதான். அதனால் ஆக்சிஜன் 0.9 குறைந்தால், புகுந்த வாயு சுமார் 4 சதவீதம், அதாவது 40,000 பிபிஎம் (பத்து லட்சத்தில் 40,000 பங்கு) வரை இருக்கலாம். உங்கள் நாலு கேஸ் மீட்டருக்கு எல்லா வாயுவும் தெரியாது. அந்த டேங்கில் முன்பு என்ன இருந்தது என்று முதலில் விசாரியுங்கள்.

கேள்வி: எங்கள் டேங்கில் கேஸ் வருகிறது. எந்த மாஸ்க் வாங்குவது?

பதில்: என்ன டேங்க், உள்ளே என்ன இருந்தது, எத்தனை அடி ஆழம், அளவு பார்த்தீர்களா... எதையும் எழுதாமல் மாஸ்க் மட்டும் கேட்கிறீர்கள். எந்த ஃபில்டர் மாஸ்க்கும் ஆக்சிஜன் தராது. இருக்கும் காற்றைத்தான் வடிகட்டும். காற்றே சரியில்லாத இடத்தில் முதுகில் காற்று சிலிண்டர் வேண்டும், இல்லையென்றால் வெளியிலிருந்து ஏர்லைன் வேண்டும். அதற்கும் முன்னால், ஆள் இறங்காமலே வேலையை முடிக்க வழியுண்டா என்று பாருங்கள்.

கேள்வி: அளவு பார்க்கும் வரிசையைப் பயிற்சியில் எப்படிச் சொல்லித்தருவது?

பதில்: முதலில் ஆக்சிஜன், அடுத்து எரியும் வாயு, கடைசியில் நச்சு வாயு. எரியும் வாயுவுக்கான வழக்கமான சென்சார் வேலை செய்யவே ஆக்சிஜன் தேவை. ஆக்சிஜன் மிகவும் குறைந்த இடத்தில் அது காட்டும் பூஜ்யத்தை நம்ப முடியாது. மேல், நடு, அடி என மூன்று மட்டத்திலும் பாருங்கள். மீத்தேன் மேலே ஏறும், ஹைட்ரஜன் சல்ஃபைடு அடியில் தங்கும். குழாயை விட்டதும் உருவிவிடுவதுதான் புதியவர்கள் செய்யும் தவறு. குழாயின் ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் ஆறேழு விநாடி, அதன்மேல் சென்சார் நிலைக்க ஒரு நிமிடம் என்று ஒவ்வொரு மட்டத்திலும் காத்திருக்க வேண்டும். இன்னொன்று: மீட்டரைச் சுத்தமான காற்றில்தான் ஆன் செய்ய வேண்டும். குழி வாயில் வைத்து ஜீரோ செய்தால், கெட்ட காற்றையே நல்ல காற்று என்று எடுத்துக்கொள்ளும்.

கேள்வி: முதலில் நாற்றம் அடித்தது, இப்போது இல்லை. கேஸ் போய்விட்டது என்று ஆட்கள் சொல்கிறார்களே?

பதில்: ஆட்களை உடனே வெளியேற்றுங்கள். ஹைட்ரஜன் சல்ஃபைடு 100 பிபிஎம்மைத் தொட்டால் சில நிமிடங்களில் மூக்கு மரத்துப்போகும். சேற்றைக் கிளறும்போது இன்னும் வரும். அதனால் இறங்கும் முன் ஒருமுறை பார்ப்பது போதாது. மீட்டர் இறங்கியவரின் மார்பிலேயே ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

கேள்வி: மேலே நிற்கும் ஆளுக்கும் முழுப் பயிற்சி வேண்டுமா? அவர் இறங்கப்போவதில்லையே.

பதில்: இந்தக் கேள்வி வராத மாதமில்லை. இறங்கமாட்டார் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? கீழே கூட்டாளி சாய்ந்ததும் முதலில் குதிப்பவர் அவர்தான். அடைபட்ட இடங்களில் இறந்தவர்களில் 60 சதவீதத்துக்கும் மேல் காப்பாற்றப் போனவர்கள் என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ் 1986-லேயே எச்சரித்தது. இன்றும் அந்த இடத்தில் நேற்றுச் சேர்ந்த பையனை நிறுத்துகிறார்கள். நடுவில் சாமான் எடுத்துவரவும் அனுப்புகிறார்கள். இதை என்னால் ஏற்கவே முடியாது.

அவருடைய வேலை: உள்ளே போனவர், வந்தவர் கணக்கு, சில நிமிடங்களுக்கு ஒருமுறை குரல் கொடுத்துப் பதில் வாங்குவது, மீட்டர் அலறினாலும் காற்று ஊதும் புளோயர் நின்றாலும் எல்லோரையும் மேலே ஏற்றுவது. பதில் வராவிட்டால் மீட்புக் குழுவுக்குத் தகவல் சொல்லிவிட்டு, கயிற்றால் ஆளை மேலே இழுக்கும் வின்ச்சைச் சுற்றுவது. தலையை உள்ளே நீட்டக்கூட அவருக்கு அனுமதியில்லை.

இதை வகுப்பில் சொன்னால் தலையாட்டுவார்கள். ஒத்திகையில்தான் உண்மை தெரியும். 75 கிலோ பொம்மைக்கு ஹார்னஸ் (உடலில் கட்டும் பட்டி) மாட்டிக் கீழே கிடத்துங்கள். முன்னறிவிப்பில்லாமல் வாக்கிடாக்கியை அணைத்துவிட்டு, மேலே நிற்பவர் என்ன செய்கிறார் என்று பாருங்கள். பாதிப்பேர் குழிக்குள் எட்டிப்பார்ப்பார்கள். மீதிப்பேர் வின்ச்சைச் சுற்றும்போது, கயிறு ஹார்னஸில் மாட்டப்படவே இல்லை என்பது தெரியவரும். வேலைக்கு இடைஞ்சல் என்று கழற்றியிருப்பார்கள். குழி வாயில் நிற்கும் முக்காலியான ட்ரைபாடில் தொங்குவது வெறும் ஃபால் அரெஸ்டர், விழுவதைத் தடுக்கும், ஆளைத் தூக்காது என்பதும் அன்றைக்குத்தான் புரியும். வாய் குறுகலாக இருந்தால் தோள்பட்டை வளையங்களில் மாட்டித் தூக்கிப் பழக்குங்கள். ஆள் நேராக வருவார். மூச்சு நின்றால் நாலைந்து நிமிடத்தில் மூளை பாதிக்கத் தொடங்கும். தீயணைப்பு வண்டியை அழைப்பது மட்டுமே மீட்புத் திட்டம் ஆகாது.

கேள்வி: புளோயரைப் பத்து நிமிடம் ஓட்டினால் போதுமா?

பதில்: கொள்ளளவைப் பொறுத்தது. உள்ளிருக்கும் காற்றைப்போல் ஏழு மடங்காவது ஊத வேண்டும். 20 கன மீட்டர் டேங்குக்கு, மணிக்கு 1,000 கன மீட்டர் நிஜமாகத் தரும் புளோயர் என்றால் எட்டு, ஒன்பது நிமிடம். காற்றைக் கொண்டுபோகும் குழாயான டக்டின் ஒவ்வொரு வளைவும் காற்றைக் குறைக்கும். டக்ட் முனை அடிவரை போகட்டும்; புளோயர் காற்றை இழுக்கும் வாய் வண்டிப் புகை பக்கம் வேண்டாம். பிறகு மறுபடி அளவு பாருங்கள். ஆள் உள்ளே இருக்கும்வரை புளோயர் ஓட வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரைத் திறந்துவிடும் யோசனையை அடியோடு விடுங்கள், 23.5 சதவீதத்தைத் தாண்டினால் ஒரு பொறியில் உடுப்பே பற்றிக்கொள்ளும்.

கேள்வி: வால்வை மூடிப் பூட்டிவிட்டோம். குழாயை அடைக்கும் தகடான பிளைண்டும் போட வேண்டுமா?

பதில்: ஆம். வால்வு கசியும். பிளைண்ட் போடுங்கள், அல்லது குழாயையே கழற்றிவிடுங்கள்.

கேள்வி: பயிற்சிச் சான்றிதழ் எத்தனை வருடம் செல்லும்?

பதில்: காகிதத்தின் தேதியை விடுங்கள். மீட்பு ஒத்திகை 12 மாதத்துக்கு ஒருமுறையாவது வேண்டும். மீட்டரோ வின்ச்சோ மாறினால் அன்றே மறுபயிற்சி. இறங்குபவர், மேலே நிற்பவர், இறங்க அனுமதி தரும் பெர்மிட்டில் கையெழுத்திடுபவர், மூவரும் ஒன்றாக.