ஏ செக்‌ஷன், சி செக்‌ஷன்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

என் மகள் தனியார் மெட்ரிக் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். எட்டாம் வகுப்பு முழுஆண்டுத் தேர்வின் மொத்த மதிப்பெண்ணை வைத்து ஏ, பி, சி என்று பிரித்துவிட்டார்கள். 500-க்கு 391 எடுத்த இவள் சி பிரிவில் இருக்கிறாள். "எங்க கிளாஸ் மக்கு கிளாஸ்மா" என்கிறாள். இப்படிப் பிரிப்பது சரிதானா? பள்ளியில் போய் என்ன கேட்பது?
ஒரு தாய், நாமக்கல்

அந்த 391-ஐ முதலில் பாருங்கள். கணக்கில் 94-ம் ஆங்கிலத்தில் 58-ம் வாங்கிய பிள்ளைக்கும், கணக்கில் 58-ம் ஆங்கிலத்தில் 94-ம் வாங்கிய பிள்ளைக்கும் மொத்தம் ஒன்றாகவே வரலாம். இருவரும் சி பிரிவில் பக்கத்துப் பக்கத்தில் உட்காருவார்கள். கணக்கு ஆசிரியர் உள்ளே வந்தால், ஒருத்தருக்குப் பாடம் தெரிந்திருக்கும், மற்றவருக்குப் புரியாது. அதாவது, பிரித்த பிறகும் ஆசிரியரின் வேலை எளிதாகவில்லை. மொத்த மதிப்பெண்ணை வைத்துப் பிரிப்பதில் உள்ள அடிப்படைக் கோளாறு இதுதான். இன்னொன்றும் இருக்கிறது. அதே பாடத்துக்கு வேறொரு வினாத்தாள் கொடுத்தால் ஒரே பிள்ளையின் மதிப்பெண் நாலைந்து ஏறும், இறங்கும். ஐந்து பாடங்களுக்கும் சேர்த்துப் பார்த்தால், எல்லைக்கோட்டுக்கு அருகில் இருக்கும் பிள்ளைகள் பி-யா, சி-யா என்பது பெரும்பாலும் அன்றைய நாளைப் பொறுத்தது.

திறன்படி குழு பிரிப்பது பற்றிய சுமார் நூறாண்டு ஆய்வுகளைத் திரட்டி 2016-ல் ஒரு தொகுப்பாய்வு வந்தது. வகுப்புகளையே தனித்தனிப் பிரிவுகளாக்கியதில் கிடைத்த பலன் 0.04 முதல் 0.06 திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதன் அளவு). நடைமுறையில் அது ஒன்றுமில்லை என்றே சொல்லலாம். ஒரே வகுப்புக்குள் சிறு குழுக்களாகப் பிரித்துக் கற்பித்ததில் 0.19 முதல் 0.30 வரை கிடைத்தது. வகுப்பு பாராமல், ஒரு பாடத்துக்கு மட்டும் ஒரே நிலையில் உள்ளவர்களைச் சேர்த்ததில் 0.26. நூறு பேரில் நடுவில் நிற்கும் பிள்ளை கால் திட்டவிலக்கம் முன்னேறினால், ஏறக்குறைய பத்துப் பேரைத் தாண்டிப் போகும். அந்த அளவுக்கான மாற்றம் இது.

பிரிவு பிரித்தும் பலன் கிடைத்த இடம் உண்டு. மேற்குக் கென்யாவில் 121 தொடக்கப் பள்ளிகளில் நடந்த ஆய்வின் முடிவு 2011-ல் வெளியானது. முதல் வகுப்பை மதிப்பெண்படி இரண்டாகப் பிரித்த பள்ளிகளில், 18 மாதம் கழித்து, மேல் பிரிவு, கீழ்ப் பிரிவு இரண்டுமே முன்னேறியிருந்தன. ஆனால் அங்கே எந்த ஆசிரியர் எந்தப் பிரிவுக்கு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவு செய்தார்கள். கீழ்ப் பிரிவின் ஆசிரியர் அந்தப் பிள்ளைகள் நிற்கும் இடத்திலிருந்து பாடத்தைத் தொடங்க முடிந்தது. நம் ஊர்ப் பள்ளிகள் பலவற்றில் அனுபவம் உள்ள கணக்கு ஆசிரியர் ஏ பிரிவுக்குப் போகிறார். புதிதாகச் சேர்ந்தவர் சி பிரிவுக்கு வருகிறார். அங்கே "முக்கியமான கேள்விகள்" மட்டும் நடக்கும், பாட உள்பகுதி நடக்காது. அரையாண்டுக்குப் பிறகு ஒரு பிள்ளை நன்றாக எழுதினாலும் மேலே மாற்ற முடியாது, ஏனென்றால் அங்கே நடந்த பாதிப் பாடம் இவளுக்கு நடக்கவே இல்லை. பிறகு அதையே காரணமாகக் காட்டி, சி பிரிவுப் பிள்ளைகளால் முடியாது என்கிறார்கள். இது பிள்ளைகளுக்குச் செய்யும் அநியாயம்.

தலைமை ஆசிரியரிடம் போய், வாதம் செய்யாமல், விவரம் கேளுங்கள். சென்ற ஆண்டு சி-யிலிருந்து மேல் பிரிவுக்கு மாறியவர்கள் எத்தனை பேர்? ஏ-க்கும் சி-க்கும் கணக்கும் ஆங்கிலமும் எடுப்பவர்கள் யார் யார்? இரண்டு பிரிவுக்கும் ஒரே அளவு பாடம், ஒரே வினாத்தாளா? அடுத்த மறுபரிசீலனை எந்த மாதம்? முதல் கேள்விக்குப் பதில் பூஜ்யம் என்றால் அங்கே நடப்பது வெறும் தரம்பிரிப்பு. அப்படியானால் ஒரு மாற்று கேளுங்கள்: மூன்று பிரிவுக்கும் கணக்குப் பாடவேளையை ஒரே நேரத்தில் வைத்து, அந்தப் பாடத்துக்கு மட்டும் பிள்ளைகள் இடம் மாறி உட்காரலாம். அந்த நேரத்தில் மூன்று கணக்கு ஆசிரியர்கள் வேண்டும் என்பதுதான் இதில் உள்ள சிக்கல். ஒன்பதும் பத்தும் மூன்று மூன்று பிரிவுகள் உள்ள பள்ளியில், கால அட்டவணை போடும்போதே யோசித்தால் முடியும்.

சிங்கப்பூர் இதை நாட்டளவில் செய்துவிட்டது. எக்ஸ்பிரஸ், நார்மல் என்று உயர்நிலைப் பிள்ளைகளைப் பல பத்தாண்டுகள் பிரித்து வைத்திருந்தவர்கள், 2024-ல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்தவர்களிலிருந்து அதைக் கைவிட்டார்கள். இப்போது வகுப்பு கலந்தே இருக்கிறது. ஒவ்வொரு பாடத்தையும், தமிழ் உட்பட, ஜி1, ஜி2, ஜி3 என்ற நிலைகளில் தனித்தனியாக எடுக்கலாம். ஒரே பிள்ளை கணக்கில் ஜி3, ஆங்கிலத்தில் ஜி2 என்று இருக்க முடியும்.

மகளிடம் "நீ மக்கு இல்லை" என்று மட்டும் சொன்னால் போதாது. எட்டாம் வகுப்பு விடைத்தாள்கள் கிடைத்தால் இருவரும் உட்கார்ந்து, எந்தப் பாடத்தில் எந்த அலகில் மதிப்பெண் போனது என்று எழுதுங்கள். பெரும்பாலும் இரண்டு மூன்று அலகுகள்தான் வரும். அது அவள் கண்ணில் படட்டும்.

அரசு நடுநிலைப் பள்ளியில் ஆறாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். 38 பேர். சிலருக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரியவில்லை. நாலைந்து பேர் எதைக் கொடுத்தாலும் ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டு மற்றவர்களைத் தொந்தரவு செய்கிறார்கள். ஒரே ஆளாக எப்படிச் சமாளிப்பது?
பட்டதாரி ஆசிரியர், திருவாரூர் மாவட்டம்

எழுத்துத் தேர்வு வைக்காதீர்கள். ஆளுக்கு நான்கு நிமிடம், வாய்மொழியாகவும் பலகையிலும் சோதியுங்கள். பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு கிராமங்களில் பயன்படுத்தும் வரிசையே போதும்: ஓரிலக்க எண்ணை அறிதல், ஈரிலக்க எண்ணை அறிதல், கடன் வாங்கும் ஈரிலக்கக் கழித்தல், மூன்றிலக்க எண்ணை ஓரிலக்கத்தால் வகுத்தல். ஆறாம் வகுப்பு என்பதால் "மூன்றில் ஒன்று பெரிதா, நான்கில் ஒன்று பெரிதா" என்பதையும் சேருங்கள். 38 பேருக்கு நாலு பாடவேளை பிடிக்கும். அதுவரை மற்றவர்களுக்கு எழுத்து வேலை கொடுங்கள்.

விடை தப்பு என்று குறிப்பதோடு நிறுத்தாமல், தப்பு எப்படி வந்தது என்று பாருங்கள். 52-லிருந்து 27-ஐக் கழித்து 35 என்று எழுதும் பிள்ளை ஒன்றாமிடத்தில் 7-லிருந்து 2-ஐக் கழித்திருக்கிறது, சிறியதைப் பெரியதிலிருந்து கழிப்பதே கழித்தல் என்று எண்ணிக்கொண்டிருக்கிறது. அதற்கு இன்னும் இருபது கழித்தல் கணக்கு கொடுத்தால் இருபதையும் அதே மாதிரிதான் போடும். ஈர்க்குச்சியைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஐந்து கட்டும் இரண்டு குச்சியும் கையில் கொடுத்து, 27 எடுக்கச் சொல்லுங்கள். ஒரு கட்டை அவிழ்க்காமல் முடியாது. அவிழ்த்த பிறகு நாலு கட்டும் 12 குச்சியும் இருப்பதைத் தாளில் எழுதச் சொல்லுங்கள். 412-ஐ நாலால் வகுத்து 13 என்று எழுதும் பிள்ளையின் சிக்கல் வேறு. நடுவில் வர வேண்டிய பூஜ்யத்தை விட்டுவிட்டது. "412 ரூபாயை நாலு பேர் பிரித்தால் ஆளுக்கு வெறும் 13 ரூபாயா?" என்று கேட்டாலே அதற்குச் சந்தேகம் வரும். இந்த இரண்டு பிள்ளைகளையும் "மெல்லக் கற்போர்" என்று ஒரே பெஞ்சில் உட்கார வைத்தால் இருவருக்கும் பயனில்லை.

வாரத்தில் மூன்று பாடவேளை மட்டும் குழு, மற்றவை முழு வகுப்பு. மூன்று குழுவுக்கு மேல் ஒருவரால் பார்க்க முடியாது. ஆறு வாரத்துக்கு ஒருமுறை திரும்பச் சோதித்துக் குழுவைக் கலையுங்கள். தொடக்க வகுப்புகளுக்காகத் தமிழக அரசு 2022-ல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தின் அரும்பு, மொட்டு, மலர் நிலைகளும் இந்த எண்ணத்தில் பிறந்தவைதான். அது கெடுவது ஒரே இடத்தில்: மொட்டு என்று ஜூனில் எழுதியது மார்ச்சிலும் மொட்டாகவே இருக்கும்போது.

சீக்கிரம் முடிப்பவர்களுக்கு அதே வகைக் கணக்கை இன்னும் பத்து கொடுக்காதீர்கள், வேகமாக முடித்ததற்குத் தண்டனை போல ஆகும். மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கும் வேலையையும் தினமும் அவர்கள் தலையில் கட்ட வேண்டாம், அவர்களும் கற்கவே வந்திருக்கிறார்கள். நின்று யோசிக்க வைக்கும் ஒன்று கொடுங்கள். உதாரணமாக: 9 என்பது 4+5, 2+3+4 என்றும் வரும். இப்படி அடுத்தடுத்த இயல் எண்களின் கூட்டலாக 1 முதல் 30 வரை எவற்றை எழுதலாம், எவற்றை முடியாது? 1, 2, 4, 8, 16 மட்டும் மிஞ்சும். ஏன் என்று கேளுங்கள். இரண்டு மூன்று பாடவேளை அமைதியாக ஓடும்.

ஏழு வயது மகனுக்கு இணையத்தில் ஐ.க்யூ. சோதனை செய்தோம், 142 வந்தது. இரண்டாம் வகுப்பிலிருந்து நேராக நான்காம் வகுப்புக்கு மாற்றலாமா?
ஒரு தந்தை, கோயம்புத்தூர்

இணையத்தில் வந்த எண்ணை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வுக் கவுன்சில்) பதிவு உள்ள கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் நேரில் உட்கார்ந்து, பிள்ளைக்கு நன்றாக வரும் மொழியில், ஒரு மணி நேரத்துக்கும் மேல் செய்வதுதான் சோதனை. அறிக்கையில் ஒற்றை எண் மட்டும் இருக்கக் கூடாது. "134 முதல் 147-க்குள்" என்பது போல எல்லையும், சொல்வளம், வடிவ அறிவு, நினைவு, வேகம் என்று பகுதிவாரி மதிப்பெண்ணும் வேண்டும். எந்தச் சோதனை என்றும் கேளுங்கள். வெக்ஸ்லர் வகையில் சராசரி 100, திட்டவிலக்கம் 15. 130-க்கு மேல் வருபவர்கள் நூற்றுக்கு இரண்டு பேர் போல. நம் ஊர் மருத்துவமனைகளில் இன்னும் புழங்கும் பினே-காமத் சோதனை மனவயதை உண்மை வயதால் வகுத்து நூறால் பெருக்குவது. ஏழு வயதுப் பிள்ளைக்கு மனவயது ஒன்பது வருடம் நான்கு மாதம் என்றால் 112-ஐ 84-ஆல் வகுத்து 133 வரும். ஒரு சோதனையின் 133-ஐ இன்னொன்றின் 133-உடன் ஒப்பிட முடியாது. பழைய சோதனைகளின் அளவுகோலும் பல பத்தாண்டுகளுக்கு முந்தையது என்பதால் இன்றைய பிள்ளைகளுக்கு எண் கூடுதலாகக் காட்டும்.

1905-ல் பாரீஸில் பினேவும் சிமோனும் இந்தச் சோதனையைக் கண்டுபிடித்தது, வகுப்பில் யாருக்குத் தனி உதவி தேவை என்று அறிவதற்காக. மேதைகளைத் தேர்ந்தெடுக்க அதை எடுத்தாண்டவர் அமெரிக்க உளவியலாளர் டெர்மன். 1921-ல் கலிபோர்னியாவில் அவர் தொடங்கிய ஆய்வுக்காகச் சோதிக்கப்பட்டு, போதிய மதிப்பெண் இல்லாமல் விடுபட்ட சிறுவர்களில் ஷாக்லியும் அல்வாரெஸும் உண்டு. ஷாக்லி 1956-லும் அல்வாரெஸ் 1968-லும் இயற்பியல் நோபல் பெற்றார்கள்.

வகுப்பு தாண்டுவது கெடுதல் என்று பொதுவாக நினைக்கிறோம். ஆய்வுகள் அப்படிச் சொல்லவில்லை. தகுதியுள்ள பிள்ளைகளுக்கு அது நன்றாகவே உதவுகிறது. தகுதியை ஐ.க்யூ. எண்ணில் தேடாதீர்கள். மூன்றாம் வகுப்பின் முழுஆண்டு வினாத்தாள்களை, சொல்லிக் கொடுக்காமல், எழுதச் சொல்லுங்கள். எல்லாப் பாடத்திலும் எண்பதுக்கு மேல் வந்தால் யோசிக்கலாம். கணக்கில் மட்டும் வந்தால், கணக்குப் பாடவேளைக்கு மட்டும் மேல் வகுப்பில் உட்காரப் பள்ளியைக் கேளுங்கள். ஏழு வயதில் அடிக்கடி இடறுவது கையெழுத்து: மூளை நான்காம் வகுப்பில் இருக்கும், விரல் இரண்டாம் வகுப்பில் இருக்கும், பரீட்சையை முடிக்க முடியாது. தாண்ட வைப்பதென்றால் ஜூனில் செய்யுங்கள், ஆண்டின் நடுவில் வேண்டாம். முதல் எட்டு வாரம் பரிசோதனை என்று அவனிடமும் புது வகுப்பு ஆசிரியரிடமும் முன்பே சொல்லிவிடுங்கள். திரும்பி வர நேர்ந்தால் அது தோல்வி ஆகாது. அவனுக்கு விருப்பமா என்றும் கேளுங்கள்.

பேரன் பேசினால் பெரிய மனிதர் போலப் பேசுகிறான். கதை, அறிவியல் எல்லாம் கேட்டால் சொல்கிறான். எழுதினால் நாலாம் வகுப்பிலும் ஒரு வரி ஒழுங்காக வரவில்லை. சோம்பேறி என்கிறார் டீச்சர்.
ஒரு தாத்தா, தஞ்சாவூர்

சோம்பேறித்தனம் என்று முடிவு கட்டுவதற்கு முன் பார்க்க வேண்டியது டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பதிலும் எழுதுவதிலும் வரும் கற்றல் குறைபாடு. மீத்திறனும் கற்றல் குறைபாடும் ஒரே பிள்ளையிடம் இருக்கலாம். பேச்சுத் திறமை குறைபாட்டை மறைக்கும், குறைபாடு திறமையை மறைக்கும். ல, ள, ழ மாற்றி எழுதுவது மட்டும் அறிகுறி ஆகாது, பேச்சு வழக்கால் அது எல்லாரிடமும் வரும். கொம்பும் காலும் இடம் மாறுவது, புள்ளி விடுவது, ஒரே சொல்லை ஒரே பக்கத்தில் மூன்று விதமாக எழுதுவது, தெரிந்த சொல்லையும் எழுத்துக் கூட்டியே வாசிப்பது, இவை பல மாதமாகத் தொடர்ந்தால் பரிசோதனைக்கு அழைத்துப் போங்கள். குறிப்பிட்ட கற்றல் குறைபாடு 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இடம்பெற்றிருக்கிறது. சான்றிதழ் இருந்தால் தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகள் கேட்கலாம். அதுவரை அறிவியல் விடைகளை வாய்மொழியாகக் கேட்டு மதிப்பெண் போடும்படி ஆசிரியரிடம் வேண்டிக்கொள்ளுங்கள்.

என்.எம்.எம்.எஸ். தேர்வில் மகன் தேறவில்லை. அறிவு போதாது என்று பொருளா?
ஒரு தாய், விருதுநகர்

இல்லை. அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கான இந்தத் தேசிய உதவித்தொகைத் தேர்வில் மனத்திறன் 90 கேள்வி, பாடத்திறன் 90 கேள்வி, ஒவ்வொன்றுக்கும் 90 நிமிடம். உதவித்தொகை ஒன்பதாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை மாதம் 1,000 ரூபாய். இடங்கள் வரம்புக்குட்பட்டவை என்பதால், தகுதி மதிப்பெண் எடுத்தும் பட்டியலில் வராதவர்கள் உண்டு. மனத்திறன் தாளில் வரும் எண் தொடர், ஒப்புமை, மறைந்த உருவம், கடிகாரம் எல்லாமே பழக்கத்தில் வேகம் கூடுபவை. கேள்விக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கில் பழகாத பிள்ளை கடைசி இருபதைத் தொடாமலே தாளைக் கொடுத்துவிடும். இந்தத் தேர்வை மறுபடி எழுத முடியாது, ஆனால் ஒன்பதாம் வகுப்பில் ஊரகத் திறனாய்வுத் தேர்வும், பிறகு முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வும், பதினொன்றில் தமிழ் மொழி இலக்கியத் திறனறித் தேர்வும் இருக்கின்றன. அறிவிப்பு வந்ததும் தலைமை ஆசிரியரிடம் பெயர் கொடுத்துவிடுங்கள்.