‘ஷார்ப்பா இல்லை’ என்று சொன்னவர் பாதியில் விட்டது

ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கும் பாட்டியின் படத்தைப் போட்டீர்கள், எல்லோரும் "அருமை" என்றார்கள், ஒருவர் மட்டும் "ஷார்ப்பா இல்லை" என்றார், மனசு விட்டுப்போச்சு என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சொன்னது சரிதான். காரணத்தைச் சொல்லாமல் போனதுதான் தப்பு.

படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். காதோரத்து நரைமுடி இழை இழையாகத் தெரிகிறது, கண்ணிமை மங்கல். கை ஆடியிருந்தால் எல்லாமே ஒரே பக்கமாக இழுபட்டிருக்கும். இங்கே ஃபோகஸ் காதில் விழுந்திருக்கிறது. எஃப் 1.8-இல், அதாவது லென்ஸின் துளையை அகலமாகத் திறந்து வைத்து, அவ்வளவு கிட்டத்தில் எடுத்தால் காதும் கண்ணும் சேர்ந்து தெளிவாக வராது. ஃபோகஸ் புள்ளியைக் கிட்டே இருக்கும் கண்ணில் வைத்து, துளையைச் சுருக்கி எஃப் 4-இல் எடுத்துப் பாருங்கள். வெளிச்சம் குறையும், ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளி உணர்திறன் அளவை) ஏற்றிக்கொள்ளுங்கள். படத்தில் கொஞ்சம் நாய்ஸ் (பொடிப் புள்ளிகள்) வந்தால் பரவாயில்லை.

அப்புறம், "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "அருமை"தான் வரும். "முதலில் உங்கள் கண் எங்கே போகிறது?" என்று கேளுங்கள், சொல்பவருக்கும் தயக்கம் விடும். என் கண் நேராகத் திரைச்சீலைக்குப் போனது. அது முகத்தைவிடப் பளிச்சென்று இருக்கிறது, கொஞ்சம் இருட்டாக்குங்கள். பாட்டியின் கைகளில் விழும் வெளிச்சம் மட்டும் அப்படியே இருக்கட்டும், அது ரொம்ப அழகு.