கதவுக் கைப்பிடியைத் தொட்டாலே ஷாக் அடிக்கிறது, வயரிங் கோளாறா? நான் எதையும் தேய்க்கவே இல்லையே?

குளிர்காலத்தில்தானே அடிக்கிறது? மேலே பாலியஸ்டர் ஸ்வெட்டர்தானே? அப்படியானால் வயரிங்கைத் திட்டாதீர்கள். ஒரே ஒரு சுருக்கு, உடனே மறுபடி தொட்டால் ஒன்றுமில்லை என்றால் அது உங்கள் உடம்பில் சேர்ந்த மின்னூட்டம். தொடும்போதெல்லாம் கடித்தால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். (இதை முதலிலேயே சொல்லிவிட்டேன். அப்புறம் யாரும் சண்டைக்கு வர வேண்டாம்.)

நான் பிளஸ் டூவோடு சரி. ஆனால் ஜோகன்னஸ்பர்க் ஜவுளிக்கடை ஒன்றில் நான்கு வருடம் புடவை விரித்துப் போட்டவள். கடல்மட்டத்துக்குச் சுமார் 1,750 மீட்டர் மேலே இருக்கிற ஊர் இது. இங்கே ஜூன், ஜூலைதான் குளிர்காலம். மழையே எட்டிப் பார்க்காது, காற்று காய்ந்து உதடு வெடிக்கும். டர்பனில் இருக்கும் என் நாத்தனாருக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. அங்கே கடற்காற்றின் ஈரம் எல்லாவற்றின் மேலும் மெல்லிய படலமாகப் படிந்து, சேரச் சேர மின்னூட்டத்தை வடித்துவிடுகிறது.

ஒரு ஜூலையில், பாலித்தீன் கவரிலிருந்து புடவைகளை உருவி உருவிப் போட்டுவிட்டுக் கார்டு மெஷினை எடுத்தேன். டப்! மெஷின் அணைந்தது, அணைந்ததுதான். "நீ போட்டுத் தேய்க்கிறதாலதான்" என்று சொல்லி முதலாளி என் சம்பளத்தில் 800 ராண்ட் பிடித்தார்.

நான் தேய்க்கவே இல்லை. அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை. இரண்டு பொருள் தொட்டுப் பிரிந்தாலே போதும், ஒன்றில் நேர், மற்றதில் எதிர் மின்னூட்டம் தங்கிவிடும். தேய்த்தால் தொடுகிற இடம் கூடும், அதனால் மின்னூட்டமும் கூடும். "உராய்வு மின்சாரம் என்றுதானே பெயர்?" என்று வாத்தியார்கள் வருவார்கள். பெயர் அப்படித்தான், ஐயா. எதை எதோடு தேய்த்தால் எது நேர், எது எதிர் என்று வில்க்கே என்ற இயற்பியலாளர் 1757-லேயே வரிசை போட்டுவிட்டார். ஆனால் கைமாறுவது எலெக்ட்ரானா, அயனியா, பொருளின் துணுக்கேதானா என்ற தகராறு இன்னும் ஓயவில்லை. 2025-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஆஸ்திரியாவில் இருக்கும் ஆய்வாளர்கள் ஒரே சிலிக்கோன் பாலிமரின் துண்டுகளை ஒன்றோடொன்று தொடவைத்துத் தொடவைத்துப் பார்த்தார்கள். முன்பு அதிக முறை தொடப்பட்ட துண்டுதான் எதிர் மின்னூட்டம் பெற்றதாம். துண்டுக்குக்கூடத் தொட்ட கணக்கு நினைவிருக்கிறது, எங்கள் முதலாளிக்கு நான் ஞாயிற்றுக்கிழமை வந்த கணக்கு மட்டும் நினைவில் நிற்காது. அதே ஆள்தான் காவடிக்கு மஞ்சள் புடவை தேடி வரும் பாட்டிகளிடம் பாலியஸ்டரைப் பட்டு என்று விற்றார்.

சரி, உங்கள் விஷயம். சுருக்கென்று உறைக்கும்போதே சில ஆயிரம் வோல்ட் இருக்கும், ஆனால் சேர்ந்திருக்கும் மின்னூட்டம் சொற்பம் என்பதால் ஆபத்தில்லை. பெட்ரோல் ஆவி இருக்கும் இடத்தில் மட்டும் விளையாட்டு வேண்டாம். பாலியஸ்டருக்குப் பதில் பருத்தி உடுத்துங்கள். விரலை நீட்டாமல் சாவியால் கைப்பிடியைத் தொடுங்கள், பொறி சாவியின் நுனியிலேயே போய்விடும். காரிலிருந்து இறங்கும்போது கதவின் இரும்பைப் பிடித்தபடியே இறங்குங்கள். இப்போது நான் இருக்கும் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் ஓர் இரும்புத் தூண் நிற்கிறது. மெஷினை எடுக்குமுன் அதை ஒரு தட்டு தட்டிவிடுவேன்.