‘தி ஃப்ளாஷ்’ சூப்பர் ஹீரோ தொடரில் இவ்வளவு வேகமான நாயகன் பேரி ஆலன் ஏன் அடிக்கடி எளிய வில்லன்களிடம் தோற்கிறான்?

முதல் நான்கு சீசன்களிலும் தலா 23 எபிசோடுகள். முதன்மை வில்லன் கடைசிவரை பிடிபடக் கூடாது. தோட்டாவையே முந்துகிறவனுக்கு அது சில நொடி வேலை; அதனால் சண்டை நடுவே அவனை நிறுத்திப் பேச வைக்கிறார்கள், இல்லையென்றால் கூட்டாளிகளிடம் உண்மையை மறைக்க வைக்கிறார்கள்.

இதே தொடர் சரியாகச் செய்த இடமும் உண்டு. முதல் சீசனின் 6-ஆவது எபிசோடில், உடலை எஃகாக்கிக்கொள்ளும் எதிரியை வீழ்த்த 5 மைலுக்கு அப்பாலிருந்து ஓடிவந்து, ஒலியை மிஞ்சும் வேகத்தில் குத்த வேண்டும். தூரம் குறைந்தால் வேகம் வராது. வேகமில்லாமல் குத்தினால் பேரியின் எலும்புதான் உடையும். எவ்வளவு அருமையான கட்டுப்பாடு!

அதே சீசனின் 22-ஆவது எபிசோடில் அந்தக் கறார் போய்விடுகிறது. சிறைப்பட்ட மெட்டா மனிதர்களை, அதாவது அசாதாரண சக்தி பெற்றவர்களை, இடம் மாற்ற, பேரி தன் பழைய எதிரி கேப்டன் கோல்டையே துணைக்கு அழைக்கிறான். நெருக்கடி உண்மையானதுதான். ஆனால் கோல்ட் காலை வாரினால் என்ன செய்வது என்ற மாற்றுத் திட்டம் இல்லை, அவனும் வாரிவிடுகிறான்.

தவறான முடிவையும் காரணமில்லாத முடிவையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். இரண்டாம் சீசன் இறுதியில், தந்தை கொல்லப்பட்ட துயரத்தில் கடந்த காலத்துக்கு ஓடித் தாயைக் காப்பாற்றுகிறான். பெரும் தவறு, ஆனால் முழுக்க நம்ப முடிகிறது.