நாலைந்து மென்பொருள் வைத்திருக்கும் சிறு நிறுவனத்துக்கு என்டர்பிரைஸ் சர்வீஸ் பஸ் தேவையா?

கடை பில்லிங், டாலி, இணையக் கடை, கிடங்கு எல்லாம் தனித்தனியாக ஓடுகின்றன, ஒன்றுக்கொன்று பேசவில்லை, எல்லாவற்றுக்கும் நடுவில் நின்று தகவலைக் கைமாற்றும் பஸ் என்ற மென்பொருளைப் போட்டால் சரியாகுமா, இல்லை அது வங்கிகளுக்கு மட்டும்தானா என்று கேட்டிருக்கிறீர்கள். யாரோ உங்களிடம் "உங்க அளவுக்கு இதெல்லாம் எதுக்கு" என்று சொல்லியிருப்பார் என்று நினைக்கிறேன். என் வாடிக்கையாளர்களிடமும் அப்படித்தான் சொன்னார்கள். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

தேவை. ஆனால் விற்பனையாளர் காட்டும் பெரிய பெட்டி தேவையில்லை. அது செய்யும் மூன்று நான்கு வேலைகள்தான் தேவை.

நான் காரைக்குடியில் இருந்துகொண்டு இந்த வேலை செய்கிறேன். இங்கே ஓர் ஆச்சி பலகாரத் தொழில் நடத்துகிறார். கல்யாணங்களுக்குச் செய்து கொடுக்க ஆரம்பித்து, இப்போது சீப்புச் சீடை, மணகோலம், தேன்குழல், அதிரசம் எல்லாம் சிங்கப்பூர், மலேசியா வரை போகிறது. கவுன்டரில் ஒரு பில்லிங் மென்பொருள், கணக்குக்கு டாலி, ஓர் இணையக் கடை, சரக்கு இருப்புக்கு ஒன்று, கூரியர் நிறுவனத்தின் தளம். மொத்தம் ஐந்து.

நான் போவதற்கு முன்னால் வேறொருவர் இணையக் கடையை நேரடியாக டாலியோடு இணைத்திருந்தார். டாலி இயல்பாக 9000 என்ற போர்ட்டில், அதாவது வெளியிலிருந்து தகவல் வரும் வாசலில், எக்ஸ்எம்எல் வடிவத்தில் தகவலை வாங்கிக்கொள்ளும், அது நல்ல வசதி. ஆனால் டாலி திறந்திருக்க வேண்டும், கம்பெனியும் லோடாகியிருக்க வேண்டும். கணக்கு பார்க்கும் அண்ணன் சாயங்காலம் கணினியை அணைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். அதில் தப்பே இல்லை, அது அவர் பழக்கம். சிங்கப்பூர்க்காரர்கள் ராத்திரி சாப்பிட்டுவிட்டு ஆர்டர் போடுவார்கள். பணம் வந்துவிடும், டாலியிலோ பில் இருக்காது. பண்டிகைக்கு நாலு நாள் முன்னால் "ஆச்சி, எங்க பலகாரம் என்னாச்சு" என்று போன் வரும்போதுதான் அப்படி ஓர் ஆர்டர் வந்ததே தெரியும்.

இதற்கு நேர்மாறாகவும் நடக்கும். பதில் சரியாகக் கிடைக்காவிட்டால், இணையக் கடைக்குப் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே அதே தகவலைத் திரும்ப அனுப்பும். பெரும்பாலான கேட்வேக்கள் அப்படித்தான், அது குறையல்ல. வாங்குகிற பக்கம்தான் "இந்த ஆர்டர் எண்ணை ஏற்கெனவே பார்த்தாயிற்று" என்று அடையாளம் கண்டு ஒதுக்க வேண்டும். அந்த நேரடி இணைப்பில் அது இல்லை. ஒரே வீட்டுக்கு இரண்டு பெட்டி போயிருக்கிறது.

நான் நடுவில் ஒரு வரிசையை வைத்தேன். தகவலை வரிசையில் பிடித்து வைக்க அபாச்சி ஆக்டிவ்எம்க்யூ, அதன் மேல் வடிவம் மாற்றி வழி காட்ட அபாச்சி கேமல், இரண்டும் இலவசம். ஐந்து மென்பொருளும் நடுவில் இருப்பதோடு மட்டும்தான் பேசும். வந்த ஆர்டர் முதலில் வட்டில் பதிவாகும், அப்புறம்தான் டாலிக்குப் போகும். டாலி தூங்கினால் ஆர்டர் காத்திருக்கும். காலையில் அண்ணன் கம்பெனியைத் திறந்ததும் ராத்திரி வந்ததெல்லாம் ஒவ்வொன்றாக உள்ளே போகும். ஆர்டர் எண் ஏற்கெனவே பதிவாகியிருந்தால் இரண்டாவது அங்கேயே நின்றுவிடும். ஜிஎஸ்டி எண்ணில் 15 எழுத்துக்குப் பதில் 14 இருந்தால், அந்த ஓர் ஆர்டர் மட்டும் தனி வரிசைக்குப் போய் ஆச்சியின் மகனுக்குக் குறுஞ்செய்தி போகும். பின்னால் வருபவை நிற்காது.

"கேமல் ஒரு நிரல் நூலகம்தானே, அது எப்படி பஸ் ஆகும்" என்று கேட்கப் போகிறவர்களுக்கு: சரி, பெயர் உங்கள் விருப்பம். வடிவம் மாற்றுவது, வழி காட்டுவது, பத்திரமாக வைத்திருந்து சேர்ப்பது, இதைத்தான் நான் பஸ் என்கிறேன். "பஸ் காலம் முடிந்துவிட்டது, காஃப்கா போடுங்கள்" என்று, தகவல் ஓட்டத்தைக் கையாளும் வேறொரு மென்பொருளைச் சொல்பவர்களுக்கும் ஒன்று. பெரிய நிறுவனங்களில் பஸ் கெட்ட பெயர் வாங்கியதற்குக் காரணம் எனக்கும் தெரியும். எல்லா விதிகளையும் நடுவில் கொட்டி, எந்த மாற்றத்துக்கும் நடுவில் இருக்கும் ஒரே குழுவிடம் போய் நிற்கும்படி செய்தார்கள். அந்தத் தவறைச் செய்யாமலிருந்தால் போதும்.

ஆச்சிக்கு விளக்கியபோது, "அப்ப இது நம்ம கணக்குப்பிள்ளை மாதிரியா தம்பி?" என்று கேட்டார். "இல்லை ஆச்சி, கணக்குப்பிள்ளை யோசித்து முடிவெடுப்பார். இது முடிவெடுக்கவே கூடாது" என்றேன். அவர் உடனே புரிந்துகொண்டார். பட்டம் வாங்கிய பலருக்கு இதைப் புரியவைக்க நான் பட்ட பாடு வேறு.

எங்களுக்கு அதிக நேரம் பிடித்தது நிரல் எழுதுவதில் அல்ல. மணகோலம் கவுன்டரில் கிலோ கணக்கு, இணையத்தில் 250 கிராம் பாக்கெட், டாலியில் வேறு பெயர். எந்தத் தகவலுக்கு எந்த மென்பொருள் சொந்தம் என்று உட்கார்ந்து பேசினோம். பொருளின் குறியீடும் வரி விகிதமும் டாலிக்கு. சரக்கு இருப்பு கிடங்குக்கு. முகவரி இணையக் கடைக்கு. மற்றவை நகல் மட்டும் வைத்துக்கொள்ளும். அதன் பலன் 2025 செப்டம்பர் 22 அன்று தெரிந்தது. பொட்டலக் கார வகைகளுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்த நாள், தீபாவளிக்கு நாலு வாரம்தான் இருந்தது. டாலியில் மாற்றினார்கள், கவுன்டருக்கும் இணையத்துக்கும் தானாகப் போய்விட்டது. வரியை நான் பஸ்ஸுக்குள் எழுதியிருந்தால், அன்றைக்கு என்னைத் தேடியிருப்பார்கள்.

இதைச் சொல்லாமல் விட மனசு வரவில்லை. எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் "எப்ப மெட்ராஸுக்குப் போகப் போறே?" என்று கேட்கிறார்கள். சாஃப்ட்வேர் வேலை என்றால் ஊரைவிட்டுப் போயே ஆக வேண்டுமாம். வள்ளல் அழகப்பர் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்ததால்தான் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இங்கே வந்தது. 1948ல் நேரு வந்து அடிக்கல் நாட்டிய ஊர் இது. பொறியியல் கல்லூரியும் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. படித்து முடித்த பிள்ளைகளை மட்டும் வண்டி ஏற்றி அனுப்பிவிடுகிறோம். அப்புறம் இங்குள்ள ஆத்தங்குடி டைல்ஸ்காரருக்கும் கண்டாங்கி நெய்பவருக்கும் ஒரு மென்பொருள் கோளாறு என்றால், வெளியூரிலிருந்து ஒருவர் காரில் வந்து வாடகையையும் பில்லில் சேர்க்கிறார். இந்த வேலையை இங்கிருந்தே செய்ய முடியும், செய்துகொண்டிருக்கிறோம்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். இரண்டே மென்பொருள் என்றால் நேரடி இணைப்பு போதும், நடுவில் வரிசை மட்டும் வையுங்கள். ஐந்தும் ஒன்றோடொன்று பேச வேண்டுமென்றால் 10 இணைப்பு, ஆறாவது வந்தால் 15. நடுவில் பஸ் இருந்தால் 6தான். நிஜத்தில் எல்லாம் எல்லாவற்றோடும் பேசாது, அதனால் இந்தக் கணக்கைக் காட்டிப் பயமுறுத்துபவரை அப்படியே நம்ப வேண்டாம்.

பணம் கொடுப்பதற்கு முன்னால், உங்கள் பில்லிங் மென்பொருள்காரர் தகவலை வெளியே எடுக்க வழி தருகிறாரா என்று எழுத்தில் கேளுங்கள். ஆச்சியின் பில்லிங் மென்பொருள் விற்றவர் தரவில்லை, அவர்கள் தகவலையே அவர்களுக்குக் கொடுக்கத் தனிக் கட்டணம் கேட்டார். கடைசியில் அந்த மென்பொருளையே மாற்ற வேண்டியதாயிற்று. உங்களுடையது எந்த மென்பொருள், எந்தப் பதிப்பு என்று கருத்தில் எழுதினால், இணைக்க வழி இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.