ஐந்து மாதக் கர்ப்பம், சேலத்திலிருந்து சிங்கப்பூர் போகலாமா?

ஐந்து மாதம் முடிகிறது, கணவர் சிங்கப்பூரில் இருக்கிறார், இரண்டு மாதம் இருந்துவிட்டு வரலாமா, வீட்டில் பயமுறுத்துகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் டாக்டர் சரி என்றால் தாராளமாகப் போகலாம். நான் சேலம் அஸ்தம்பட்டியிலிருந்து இதே நிலையில் அதே ஊருக்குப் போய் வந்தவள்தான். 14 வாரத்திலிருந்து 28 வாரம் வரை பொதுவாகப் பயணத்துக்குத் தோதான காலம்; வாந்தி அடங்கியிருக்கும், வயிறும் ரொம்பக் கனத்திருக்காது. ஆனால் நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, ரத்தக்கசிவு, பிபி என்று ஏதாவது சொல்லியிருந்தால் டிக்கெட் பேச்சே வேண்டாம், அவரே லீவு போட்டு வரட்டும்.

போகும்போது எத்தனை மாதம் என்றுதான் எல்லோரும் பார்க்கிறார்கள், திரும்பும் தேதியை யாரும் பார்ப்பதில்லை. இப்போது 22 வாரம் என்றால் வரும்போது 30 ஆகிவிடும். பல விமான நிறுவனங்கள் 28 வாரம் தாண்டினாலே டாக்டர் சான்றிதழ் கேட்கும், 36க்கு மேல் ஏற்றாது, இரட்டைக் குழந்தை என்றால் இன்னும் முன்னாலேயே நிறுத்திவிடும். அந்தச் சான்றிதழும் பயணத்துக்குச் சில நாள் முன்பு எழுதியதாக இருக்க வேண்டும் என்பார்கள் சிலர், அப்படியானால் அங்கே ஒரு டாக்டரைப் பார்த்துக் காசு கொடுத்து வாங்க வேண்டியதுதான். "ஏழாம் மாசம் வளைகாப்புக்கு வந்துரு கண்ணு" என்று என் அத்தை பிடிவாதம் பிடித்தபோது எரிச்சலாகத்தான் இருந்தது, ஆனால் வாரக் கணக்குக்கு அது அப்படியே பொருந்தியது.

விமானத்தில் குழந்தைக்கு மூச்சு முட்டும் என்பார்கள், நம்பாதீர்கள். உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6000 முதல் 8000 அடி உயரத்தில் இருக்கும் அளவுதான். நம் ஏற்காடே 5000 அடிக்குப் பக்கம். ஏற்காடு ரோட்டில் இருக்கும் 20 கொண்டை ஊசி வளைவும் விமானத்தில் கிடையாது! ரத்தசோகை அதிகமாக இருந்தால் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

எனக்கு அலுப்பைக் கொடுத்தது ரோடுதான். சேலத்தில் வெளிநாட்டு விமானம் இல்லை, நாமக்கல், முசிறி வழியாகத் திருச்சி போய் ஏறினேன். டாக்ஸியில் பெல்ட்டைக் கட்டாயம் போடுங்கள், கீழ்ப்பட்டை வயிற்றுக்கு அடியில் இடுப்பெலும்பின் மேல் படிய வேண்டும், வயிற்றின் குறுக்கே வரக் கூடாது. விமானத்திலும் அப்படியேதான். நடைபாதை ஓர சீட் கேட்டு வாங்குங்கள். கர்ப்பத்தில் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு கூடுதல், அதனால் பாத்ரூம் போகும் சாக்கில் அடிக்கடி எழுந்து நடந்தேன், பக்கத்து சீட்காரர் முறைத்தார், முறைக்கட்டும்.

சிங்கப்பூரில் குழாய்த் தண்ணீரையே குடிக்கலாம். காயா டோஸ்டோடு (தேங்காய்ப்பால், முட்டை ஜாம் தடவிய ரொட்டி) தரும் அரைவேக்காட்டு முட்டையையும் பச்சை மீன் வைத்த சுஷியையும் தொடாதீர்கள். கொசு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம், டெங்கு உண்டு, 2016இல் ஜிகா வைரஸும் பரவியது, அது கருவில் இருக்கும் குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கக்கூடியது. பகலில் கடிக்கும் கொசு என்பதால் முழுக்கைச் சட்டையும் கொசு விரட்டி க்ரீமும் பகலிலேயே தேவை.

மாத்திரைகள், டாக்டர் எழுதிய மருந்துச் சீட்டு, ஸ்கேன் ரிப்போர்ட், தாய் சேய் அட்டை எல்லாம் கைப்பையில் இருக்கட்டும். பயணக் காப்பீடு எடுக்கும்போது கர்ப்பம் சம்பந்தமான செலவு அதில் சேருமா என்று எழுத்தில் கேளுங்கள், பல பாலிசிகளில் சேராது. அங்கே ஆம்புலன்ஸ் எண் 995.